பஞ்சுத்தலை டாமரின்: காப்பகத்திலும் காட்டிலும் எம்எச்சி மரபணுப் பன்மையை ஒப்பிடுவது எப்படி?

மரக்கிளை (கேள்வி)

பஞ்சுத்தலை டாமரின்களின் நோய் எதிர்ப்பு மரபணுத் தொகுப்பான எம்எச்சியின் பன்மை காப்பகங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்க ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலம்பியாவின் வடமேற்குக் காடுகளில் மட்டுமே வாழும் குரங்கு இது. அழிவின் விளிம்பில் இருக்கிறது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் 20,000க்கும் மேற்பட்டவற்றை மருத்துவ ஆய்வுக்கென்று அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். காப்பகத்தில் வளரும் டாமரின்களுக்குப் பெருங்குடல் அழற்சியும் குடல் புற்றும் அடிக்கடி வருவதால் எம்எச்சி பற்றிய கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

திட்டம் இதுதான். மூன்று இனப்பெருக்க மையங்களில் 42 விலங்குகளின் இரத்தம் (உடல்நலப் பரிசோதனையில் மிஞ்சியது, இடிடிஏ குழாயில் உறைநிலையில் இருக்கிறது). காட்டில் நான்கு கூட்டங்களிடமிருந்து 30 சாண மாதிரிகள். எம்எச்சியில் ஒன்றான டிஆர்பி மரபணுவின் எக்ஸான் 2 என்ற பகுதியைப் பிசிஆரால் பலமடங்கு பெருக்கி, மைசெக் என்ற வரிசைப்படுத்தும் கருவியில் இருபுறமும் 250 காரம் (டிஎன்ஏ எழுத்து) படிப்பது. பிறகு ஒரு விலங்குக்குச் சராசரியாக எத்தனை அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) என்று எண்ணி இரு பக்கத்தையும் ஒப்பிடுவது.

கேட்க வேண்டியவை மூன்று. இந்த ஒப்பீடு செல்லுமா? டிஆர்பி பல பிரதிகளாக இருப்பதால் உண்மையான அல்லீலையும் பிசிஆர் பிழையையும் எப்படிப் பிரிப்பது? முடிவு வந்த பிறகு, வேறுபட்ட அல்லீல் உள்ள விலங்குகளை இணை சேர்க்கும்படி மையங்களுக்குப் பரிந்துரைக்கலாமா?

---

ஆய்வகமேசை

செல்லாது. காரணம் புள்ளியியலில் இல்லை, இரத்தக் குழாயில் இருக்கிறது.

டாமரினும் அதன் நெருங்கிய உறவான மார்மொசெட்டும் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனுபவை. கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே இரண்டு நஞ்சுக்கொடிகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்கள் அந்த வழியே ஒரு கருவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க் குடியேறி, ஆயுள் முழுதும் அங்கேயே பெருகும். ஆகவே ஒரு டாமரினின் இரத்தத்தில் அதன் டிஎன்ஏவும் இருக்கும், கூடப்பிறந்ததன் டிஎன்ஏவும் இருக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதற்கு விதி இல்லை. விலங்குக்கு விலங்கு மாறும். பதிவேட்டில் ஒற்றைக் குட்டி என்று இருந்தாலும் நம்ப முடியாது. இரட்டையில் ஒன்று கருவிலேயே இறந்திருக்கலாம், செல்கள் அதற்கு முன்பே இடம் மாறியிருக்கலாம்.

உங்கள் கணக்கில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு விலங்குக்குச் சொந்தமாக 4 டிஆர்பி வரிசைகள், அதன் இரட்டைக்கு வேறு 2 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் 6 கிடைக்கும். காட்டு மாதிரி சாணம். அதில் உள்ள டிஎன்ஏ பெரும்பாலும் குடல் உட்சுவர்ச் செல்களிலிருந்து வருவது, வெள்ளணுக்கள் குறைவு. அங்கே 4 மட்டும் கிடைக்கும். காப்பக விலங்குகள் காட்டு விலங்குகளைவிட வளமானவை என்று கட்டுரை எழுதி முடித்துவிடுவீர்கள். உண்மையில் இழப்பு நடந்திருந்தாலும் அது இந்தப் பொய்க் கூடுதலுக்குள் மறைந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். மொத்தக் கூட்டத்தில் எத்தனை அல்லீல் என்ற எண்ணிக்கையை இது அவ்வளவாகக் கெடுக்காது. இரட்டையின் அல்லீலும் அதே தாய் தந்தையிடமிருந்து வந்ததுதான். தனி விலங்குக்கு எத்தனை என்பதும், அல்லீலின் நிகழ்வெண்ணும்தான் கெடும். நீங்கள் ஒப்பிட நினைப்பதோ அதைத்தான்.

சரிசெய்ய வழி: வேரோடு பிடுங்கிய முடி. முதுகிலிருந்தோ வாலிலிருந்தோ 15 முதல் 20 முடி, கையுறை போட்டுப் பிடுங்கி, காகித உறையில் உலர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். டிஎன்ஏ பிரிக்கும்போது வேர்ப்பக்கம் 5 மில்லிமீட்டரை மட்டும் வெட்டிப் போடுங்கள். தானாக உதிர்ந்த முடியில் வேர்ச் செல் அநேகமாக இருக்காது. வாய்த் துடைப்பு எடுப்பது எளிது என்று சிலர் சொல்வார்கள். எச்சிலில் வெள்ளணுக்கள் ஏராளம், ஆகவே அதுவும் இரத்தம் போலத்தான். காதில் எடுத்த 3 மில்லிமீட்டர் தோல் துண்டிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் (தோலின் இணைப்புத் திசுச் செல்) வளர்த்தால் இன்னும் தூய்மையாக இருக்கும். ஆனால் 42 விலங்குக்கும் அதைச் செய்வது பெரிய வேலை; ஐந்தாறு விலங்குகளுக்குச் செய்து முடி மாதிரியைச் சரிபார்த்தால் போதும்.

எது கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள 10 மைக்ரோசாட்டிலைட் இடங்களை (சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடங்கள்) இரத்தத்திலும் முடியிலும் ஓட்டுங்கள். மைக்ரோசாட்டிலைட் ஒற்றைப் பிரதி இடம். ஒரு விலங்கில் இரண்டு அல்லீலுக்கு மேல் வரவே கூடாது. மூன்றாவதோ நான்காவதோ தலைகாட்டினால் அது இரட்டையினுடையது. எம்எச்சியில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அங்கே பிரதிகளே பல என்பதால் கூடுதல் அல்லீலைப் பார்த்து எதுவும் சொல்ல வழியில்லை. அதனால்தான் இந்தத் தவறு பலர் கண்ணில் படாமல் போகிறது.

2007இல் ஒரு மார்மொசெட் இனத்தில் இனச்செல்களிலும் கலப்பு இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. பின்னால் சாதா மார்மொசெட்டில் பல திசுக்களைப் பார்த்தபோது கலப்பு இரத்த வழிச் செல்களோடு நின்றுவிடுவதாகவும், மற்றத் திசுக்களில் தெரிவது அங்கே புகுந்த இரத்தச் செல்களால்தான் என்றும் கண்டார்கள். ஆகவே முடியை நம்பலாம். தோலை நேராக அரைத்தால் அதில் இரத்தமும் சேர்ந்து வரும்.

---

இழைமுடிச்சு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு சொல்லைப் பிரித்துவைத்துக்கொள்வோம். மேலே சொன்னது விலங்கில் உள்ள கைமேரா (இரண்டு மூலங்கள் கலந்தது). நான் சொல்லப்போவது பிசிஆர் குழாயில் உருவாகும் கைமேரா. குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் புரியாது. 'இரட்டைக் கலப்பு', 'பிசிஆர் ஒட்டு' என்று தனித்தனியாக எழுதுங்கள்.

ப்ரைமரிலிருந்து (பிசிஆர் எங்கே தொடங்குவது என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) தொடங்க வேண்டும். மனித டிஆர்பிக்கு எழுதிய ப்ரைமரை அப்படியே எடுக்காதீர்கள். தென்னமெரிக்கக் குரங்குகளின் டிஆர்பி மரபுவழி பழைய உலகக் குரங்குகளுடையதிலிருந்து தனியாக வளர்ந்தது. எக்ஸான் 2இல் சில துண்டுகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது பொது மூதாதையிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ப்ரைமர் பொருந்தாத அல்லீல் சத்தமில்லாமல் காணாமல் போகும். சாதா மார்மொசெட்டின் மரபணுத்தொகுதி வெளியாகியிருக்கிறது; அதையும் கிடைக்கும் டாமரின் வரிசைகளையும் அடுக்கி, எக்ஸானுக்கு வெளியே இரு பக்க இன்ட்ரானிலும் (புரதமாகாத இடைப்பகுதி) மாறாத இடம் தேடுங்கள். எக்ஸான் 2 ஏறத்தாழ 270 காரம். ப்ரைமரோடு சேர்த்து 330 வரை போனாலும் 250 வீதம் இருபுறப் படிப்புகள் நடுவில் 150க்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழும். தாராளம். காட்டுச் சாணத்தில் டிஎன்ஏ சிதைந்திருந்தாலும் இந்த நீளம் பெரும்பாலும் கிடைக்கும்.

இன்னொரு பொறி: மார்மொசெட்டில் டிஆர்பி வழிகள் (மரபுவழிக் கிளைகள்) எல்லாம் ஒரே அளவு வேறுபடுவதில்லை. ஒரு வழி மிகவும் வேறுபடுகிறது, மற்றவை ஏறக்குறைய அசையாதவை. டாமரினிலும் அப்படியே இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும்போது அசையாத வரிசைகள் எல்லா விலங்கிலும் வந்து சராசரியை மழுங்கடிக்கும். வம்சமரம் வரைந்து வழி வழியாகப் பிரித்த பிறகு எண்ணுங்கள்.

பிசிஆர் ஒட்டு ஏன் உருவாகிறது? ஓர் இழை நீண்டு முடியும் முன்பே சுழற்சி முடிந்துவிட்டால், அந்த அரைகுறை இழை அடுத்த சுழற்சியில் வேறொரு அல்லீலின் மேல் போய் ஒட்டி, அங்கிருந்து நீளும். முன்பாதி ஓர் அல்லீல், பின்பாதி இன்னோர் அல்லீல். இதைத் தடுக்க நான்கு விஷயம்: பிழை குறைந்த பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி); 25 மைக்ரோலிட்டருக்கு 10 முதல் 20 நானோகிராம் டிஎன்ஏ, அதற்கு மேல் வேண்டாம்; 28 சுழற்சிக்கு மேல் போகாதீர்கள்; 300 காரத் துண்டுக்கு 15 வினாடி போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நீட்டும் நேரத்தை ஒரு நிமிடம் கொடுங்கள். கடைசி நீள் நீட்டல் படியை விட்டுவிடுங்கள். சாணத்துக்கு 28 சுழற்சியில் பட்டை வராது, 35 வரை போக வேண்டியிருக்கும். அங்கே ஒட்டு கூடும் என்று தெரிந்துகொண்டே மறுபடிகளைக் கூட்ட வேண்டும்.

எந்தப் படிப்பு எந்த மாதிரியுடையது என்று காட்டும் குறியீட்டை இரு பக்கமும் தனித்தனியாக, ஒரு மாதிரிக்கு உரியது இன்னொன்றில் வராதபடி கொடுங்கள். ஒரு பக்கக் குறியீட்டைப் பகிர்ந்தால் வரிசைப்படுத்தும்போது குறியீடு தாவி, பக்கத்துக் குழாயின் அல்லீல் உங்கள் விலங்கில் 0.5 விழுக்காடு அளவில் எட்டிப்பார்க்கும். துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குவதால் ஓட்டத்தில் 10 முதல் 15 விழுக்காடு ஃபைஎக்ஸ் (வேறுபட்ட வரிசைகள் உள்ள கட்டுப்பாட்டு டிஎன்ஏ) சேருங்கள். இல்லையென்றால் தரம் சரியும். ஒவ்வொரு தட்டிலும் டிஎன்ஏ பிரிக்கும்போது வைத்த வெற்றுக் குழாய் ஒன்று, பிசிஆர் வெற்றுக் குழாய் இரண்டு. வெற்றுக் குழாயில் வந்த படிப்பு எண்ணிக்கைதான் உங்கள் தரைமட்டம்.

அல்லீலை ஏற்கும் விதி: ஒரே டிஎன்ஏவிலிருந்து தனித்தனியாகச் செய்த இரண்டு பிசிஆரிலும் வர வேண்டும்; சுத்தம் செய்த பின் மாதிரிக்குக் குறைந்தது 1,000 படிப்பு இருக்க வேண்டும்; அதைவிட மிகுதியாக உள்ள ஒரு வரிசையிலிருந்து ஒரே ஒரு காரம் மட்டும் மாறி, படிப்பும் மிகக் குறைவாக இருந்தால் பிழை என்று வைக்க வேண்டும். ஒட்டுக்குத் தானியங்கி வடிகட்டியை மட்டும் நம்பக் கூடாது. எம்எச்சி அல்லீல்கள் இயற்கையிலேயே துண்டு மாற்றிக்கொண்டு உருவாகின்றன. உண்மையான அல்லீல் ஒன்று மற்ற இரண்டின் ஒட்டுப் போலவே இருக்கலாம். வடிகட்டி அதையும் தூக்கி எறிந்துவிடும். நான் வைக்கும் சோதனை: அந்த 'ஒட்டு', அதன் இரண்டு பெற்றோர் வரிசைகளும் ஒன்றாக இல்லாத வேறொரு விலங்கில் வருகிறதா? வந்தால் உண்மை, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் மூன்றால் வகுபடாதவை, இடையில் நிறுத்தக் குறி உள்ளவை போலி மரபணுவாக இருக்கலாம். தனிப் பட்டியலில் வையுங்கள், அழித்துவிடாதீர்கள். வரிசை சரியாக இருந்தும் வெளிப்படாத மரபணுக்களும் உண்டு. அதற்கு ஆறேழு விலங்கின் புது இரத்தத்தை ஆர்என்ஏ காக்கும் கரைசலில் எடுத்துச் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) பாருங்கள். இரட்டைக் கலப்பு இங்கேயும் உண்டு, ஆனால் கேள்வி 'இந்த வழி வெளிப்படுகிறதா' என்பது மட்டும்தான், 'இந்த விலங்குக்கு உரியதா' என்பது அல்ல. ஆகவே இரத்தம் இங்கே தடையில்லை.

காப்பகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி குடும்பம். எம்எச்சி பெரும்பாலும் ஒரே கட்டாகக் குட்டிக்குப் போகிறது. தாய், தந்தை, குட்டி மூன்றும் இருந்தால் குட்டியின் ஒவ்வோர் அல்லீலும் ஒரு பெற்றோரிடம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிழையோ, ப்ரைமர் தவறவிட்டதோ, பதிவேடு தவறோ. நான்கைந்து குட்டி உள்ள இணைகளில் எந்த அல்லீல்கள் சேர்ந்தே போகின்றன என்று பார்த்து ஹாப்ளோடைப்பையே (சேர்ந்தே போகும் அல்லீல்களின் தொகுதி) கட்டிவிடலாம்.

எம்எச்சியின் இன்னொரு பிரிவான வகுப்பு 1ஐத் தொடவில்லை என்பது நல்ல முடிவு. இந்த இனத்தில் வகுப்பு 1 மரபணுக்கள் மனிதரின் ஜி மரபணுவோடு நெருங்கியவை, வேறுபாடும் மிகக் குறைவு என்று 1980களின் இறுதியிலிருந்தே தெரியும். அதைக் காப்பகத்தில் அளந்து 'குறைந்துவிட்டது' என்றால் தவறாகும். இனத்தின் இயல்பே அது. சிம்பன்சியிலும் வகுப்பு 1 தொகுப்பு குறுகியது. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு வைரஸ் அரித்துவிட்டுப் போன தடம் என்று கருதுகிறார்கள், கூண்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

---

மரக்கிளை

முடி மாதிரி பற்றி மையங்களிடம் கேட்கிறேன். அடுத்த உடல்நலப் பரிசோதனையில் எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். காட்டுப் பக்கம் சாணம் மட்டும்தான் சாத்தியம். 30 மாதிரி போதுமா?

---

காட்டுத்தடம்

30 மாதிரி என்பது 30 விலங்கு அல்ல. நான்கு கூட்டம் என்றால் இன்னும் குறைவு.

இந்த டாமரின் கூட்டத்தில் வழக்கமாக ஓர் இனப்பெருக்கப் பெண், ஒன்றிரண்டு ஆண்கள், மற்றவை அவற்றின் பிள்ளைகள். ஒரு கூட்டத்தில் எட்டு மாதிரி எடுத்தால் எட்டும் இரண்டு மூன்று விலங்குகளின் மரபணுவைத் திரும்பத் திரும்பச் சொல்லும். எத்தனை கூட்டம் என்பதே உங்கள் உண்மையான எண்ணிக்கை. 4 கூட்டத்தில் 30க்குப் பதிலாக 15 கூட்டத்தில் இரண்டிரண்டு வளர்ந்த விலங்கு என்று மாற்றுங்கள். உழைப்பு கூடும், ஆனால் வேறு வழியில்லை. ஒரே காட்டுத் துண்டில் 15 கூட்டத்தையும் எடுத்தாலும் குறைதான். காடு துண்டு துண்டாகிவிட்டதால் ஒவ்வொரு துண்டும் தன்னளவில் ஒரு சிறு காப்பகம்போல; இரண்டு மூன்று துண்டுகளாவது வேண்டும். 'காடு' என்று ஒரே சொல்லில் சொல்வதை அங்கேயும் பன்மை குறைந்திருக்கலாம் என்ற நினைவோடு சொல்லுங்கள்.

எந்தச் சாணம் யாருடையது என்று மைக்ரோசாட்டிலைட்டால் பிரிக்க வேண்டும். உடன்பிறந்தவை இரண்டு ஒரே முடிவைக் காட்டும் வாய்ப்பு 0.01க்குக் கீழே வரும்வரை இடங்களைக் கூட்டுங்கள். உறவில்லாத விலங்குகளுக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுத் திருப்தியடைய வேண்டாம். இங்கே எல்லாமே சொந்தம்.

சேகரிக்கும் முறை: விழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மேற்பரப்பில் பளபளக்கும் சளிப்படலம் உள்ள பகுதியை எடுங்கள், குடல் செல் அங்கேதான் இருக்கும். அளவைப்போல ஐந்து மடங்கு 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் 24 முதல் 36 மணி நேரம். பிறகு எத்தனாலை வடித்துவிட்டு, சாணத்தைச் சிலிக்கா மணிகள் உள்ள குழாய்க்கு மாற்றுங்கள். எத்தனாலிலேயே விட்டுவைப்பதைவிடவும், முதலிலேயே சிலிக்காவில் போடுவதைவிடவும் இந்த இரண்டு படி முறை நன்றாக வேலை செய்யும். சிலிக்கா நிறம் மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள். மழைக்காலத்தில் இதை மறந்தால் ஒரு பருவ உழைப்பு போய்விடும்.

டிஎன்ஏ அளப்பதிலும் ஒரு தவறு நடக்கும். ஒளியால் அளக்கும் கருவியில் சாண டிஎன்ஏ ஏகமாகக் காட்டும். முக்கால்வாசி பாக்டீரியா, மீதி தின்ற பழமும் பூச்சியும். விலங்கின் கரு டிஎன்ஏ எவ்வளவு என்று தெரிய, சி-மிக் மரபணுவில் 80 காரம் அளவுள்ள துண்டை குவான்டிடேட்டிவ் பிசிஆரில் அளக்க வேண்டும். வினைக்கு 25 பிக்கோகிராமுக்குக் கீழே உள்ளதை எம்எச்சிக்கு எடுக்காதீர்கள். அந்த அளவில் சில செல்களின் டிஎன்ஏதான் குழாயில் இருக்கும், ஓர் அல்லீல் தற்செயலாக விடுபட்டு விழுந்துவிடும், மறுபடி செய்தாலும் வேறொன்று விழும். 200க்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று பிசிஆர் போதும். நடுவில் உள்ளதற்கு ஐந்து வரை செய்யுங்கள்.

இங்கே ஒரு சமச்சீர் வேண்டும். காட்டில் சாணம், காப்பகத்தில் முடி என்று வைத்தால் அல்லீல் விழும் வீதம் இரு பக்கமும் வேறாக இருக்கும். காப்பகத்தில் 10 விலங்கிடமாவது முடியோடு சாணமும் எடுங்கள். அதே விலங்கின் இரண்டு மாதிரியும் தரும் வித்தியாசம்தான் உங்கள் பிழை வீதம். அதைக் கட்டுரையில் எண்ணாகக் கொடுங்கள்.

அனுமதி பற்றி: இந்த இனம், அழியும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. முடி, இரத்தம், பிரித்தெடுத்த டிஎன்ஏ எதுவானாலும் அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி இரண்டும் வேண்டும். கொலம்பியாவின் மரபணு வள அனுமதி தனி. முடிந்தவரை அந்த நாட்டு ஆய்வகத்திலேயே டிஎன்ஏ பிரித்து வரிசைப்படுத்துவது வேகமும் கூட, நியாயமும் கூட.

---

பதிவேடு

மூன்றாவது கேள்விதான் விலங்குகளின் கதியைத் தீர்மானிப்பது. அதற்கு முன் ஒரு கணக்கு.

காப்பகத் திட்டங்கள் மரபணுப் பன்மையில் 90 விழுக்காட்டை 100 ஆண்டு காப்பது என்று இலக்கு வைக்கின்றன. 20 நிறுவனர்களோடு (கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் விலங்குகள்) தொடங்கினால் 1லிருந்து 1/40ஐக் கழித்து 97.5 விழுக்காடு பன்மை வந்துவிடும். 10 விலங்கு என்றால்கூட 95. இதைப் பார்த்து நிம்மதியடைகிறோம். ஆனால் இந்தப் பன்மை என்பது ஹெட்டிரோசைகோசிட்டி, அதாவது ஓர் இடத்தில் ஒரு விலங்கின் இரண்டு பிரதிகளும் வேறாக இருக்கும் வாய்ப்பு. அரிய அல்லீல் அதில் ஏறக்குறைய எடையே இல்லாதது. காட்டில் 5 விழுக்காடு நிகழ்வெண் உள்ள ஓர் அல்லீல் 20 நிறுவனரில் ஒன்றிடமும் இல்லாமல் போகும் வாய்ப்பு 0.95இன் 40ஆம் அடுக்கு, அதாவது 13 விழுக்காடு. 2 விழுக்காடு உள்ள அல்லீலுக்கு 45 விழுக்காடு. 10 நிறுவனர் என்றால் 67. எம்எச்சியில் பல அல்லீல்கள் அரியவை. ஆகவே முதல் நாளிலேயே பாதி போயிருக்கலாம், ஹெட்டிரோசைகோசிட்டி அதைக் காட்டாது.

பிறகு ஒவ்வொரு தலைமுறையும். ஒரு நிறுவனருக்கு ஒரே குட்டி என்றால் குறிப்பிட்ட ஓர் அல்லீல் போய்ச் சேரும் வாய்ப்பு பாதி. இரண்டு குட்டிக்கு 75 விழுக்காடு. 99ஐத் தாண்ட ஏழு குட்டி உயிரோடு வளர்ந்து இனம்பெருக்க வேண்டும். பயனுறு எண்ணிக்கை (மரபணுவைக் கடத்துவதில் உண்மையில் பங்கேற்கும் அளவு) 25 என்ற நிலையில் பத்துத் தலைமுறை ஓடினால் 0.98இன் 10ஆம் அடுக்கு, ஹெட்டிரோசைகோசிட்டியிலேயே 18 விழுக்காடு போய்விடும்.

இதனால்தான் 'காட்டில் இத்தனை, காப்பகத்தில் இத்தனை' என்ற நேர் ஒப்பீடு அரைகுறை. காப்பகத்தில் குறைவாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. கேட்க வேண்டிய கேள்வி: வம்சாவளியை மட்டும் வைத்து எதிர்பார்க்கும் இழப்பைவிட எம்எச்சி இழப்பு கூடுதலா குறைவா? செய்யும் முறை இது. பதிவேட்டில் உள்ள வம்சாவளியை எடுத்து ஒவ்வொரு நிறுவனருக்கும் இரண்டு தனி அடையாளம் கொடுங்கள். கணினியில் அவற்றை இன்றைய விலங்குவரை தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப்போட்டு இறக்குங்கள், 10,000 முறை. கடைசியில் எத்தனை அடையாளம் மிஞ்சுகிறது என்ற பரவல் கிடைக்கும். இழைமுடிச்சு சொன்ன குடும்ப வழியில் கட்டிய எம்எச்சி ஹாப்ளோடைப்புகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அதனோடு வையுங்கள். பரவலுக்கு மேலே இருந்தால் தேர்வு அவற்றைக் காத்திருக்கிறது. நடுவில் இருந்தால் தற்செயல் மட்டுமே வேலை செய்கிறது. பதிவேட்டில் தந்தை தெரியாத விலங்கு, 'காட்டில் பிடித்தது' என்று ஊகமாக எழுதியது எல்லாம் இந்தக் கணக்கைக் கெடுக்கும்; முதலில் மைக்ரோசாட்டிலைட்டால் தந்தையைச் சரிபாருங்கள்.

கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவு நரியில் மைக்ரோசாட்டிலைட் போன்ற, தேர்வு தொடாத நடுநிலைக் குறிகளில் வேறுபாடே ஏறத்தாழ இல்லை, ஆனால் எம்எச்சியில் இருந்தது. ஆகவே மைக்ரோசாட்டிலைட்டை எம்எச்சிக்குப் பதிலியாக வைக்கவும் கூடாது, இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரு பக்கத்துக்கும் மாதிரி எண்ணிக்கை வேறாக இருந்தால், சிறிய பக்கத்துக்குச் சமமாக மற்றதிலிருந்து 10,000 முறை குலுக்கி எடுத்து ஒப்பிடுங்கள். குலுக்கலைத் தனி விலங்காகச் செய்யாமல் குடும்பமாகவோ கூட்டமாகவோ செய்யுங்கள். டி-சோதனை வேண்டாம், சொந்தங்களைத் தனித்தனி அவதானிப்பாக எண்ணிவிடும். அல்லீல் எண்ணிக்கையோடு நிற்காமல், பெப்டைடு பிடிக்கும் இடத்தின் அமினோ அமிலங்களை அவற்றின் வேதிப் பண்புகளால் தொகுத்து மேல்வகைகளாகவும் பாருங்கள். இரண்டு அல்லீல் ஒரே மேல்வகை என்றால் ஒன்று போனதில் செயல் இழப்பு சிறிது. ஒரு மேல்வகையே போயிருந்தால் கவலைப்பட வேண்டும்.

இப்போது பரிந்துரை. எம்எச்சியைப் பார்த்து இணை சேர்க்கச் சொல்லாதீர்கள். 1991இல் ஆஸ்டின் ஹியூஸ் காப்பக இனப்பெருக்கத்தை எம்எச்சியைக் கொண்டு வடிவமைக்கலாம் என்று எழுதினார். அதே ஆண்டிலேயே கடுமையான மறுப்புகள் வந்தன. மறுப்பின் சாரம் எளிது: ஓர் இடத்தில் அரிய அல்லீல் உள்ள சில விலங்குகளை மட்டும் பெருக்கினால் அவற்றின் சொந்தங்கள் கூட்டத்தை நிரப்பும், மற்ற மரபணுத்தொகுதி முழுவதும் வேகமாகக் குறுகும். எல்லா விலங்குகளோடும் சராசரி உறவளவு எதற்குக் குறைவோ அதற்கு முதலிடம் கொடுக்கும் இப்போதைய முறை எம்எச்சி உட்பட எல்லா இடத்தையும் ஒருசேரக் காக்கிறது. உறவளவு சமமாக உள்ள இரண்டு இணைகளில் ஒன்றைத் தேர வேண்டிய இடத்தில் மட்டும் எம்எச்சியைப் பாருங்கள்.

---

இழைமுடிச்சு

பதிவேடு சொல்வதில் ஒரு சிறு மறுப்பு. இணை சேர்ப்பதில் முதல் அளவுகோலாக வேண்டாம் என்பது சரி, ஆனால் 'சமமானபோது மட்டும்' என்று ஒதுக்குவது போதாது. ஒரு ஹாப்ளோடைப் ஒரே ஒரு விலங்கிடம், அதுவும் வயதானதிடம் மட்டும் மிஞ்சியிருப்பது குடும்ப ஆய்வில் தெரிந்தால், உறவளவுப் பட்டியலில் அது நடுவில் இருந்தாலும் ஒரு முறை ஈன வைக்கச் சொல்வேன். அடுத்த தலைமுறையில் சரிசெய்துகொள்ளலாம். போன ஹாப்ளோடைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிய இரத்தம் தேவைப்படும்போது எந்த மையத்திலிருந்து எந்த விலங்கை மாற்றுவது என்ற முடிவிலும் இது பயன்படும்.

நோயைப் பற்றியும் ஒன்று. லிம்போசைட்டிக் கொரியோமெனிஞ்ஜைட்டிஸ் வைரஸ் உள்ள எலிக்குஞ்சுகளைத் தீனியாகப் போட்டதால் மார்மொசெட், டாமரின்களுக்குக் கொடிய கல்லீரல் அழற்சி வந்தது பல காப்பகங்களில் பதிவாகியிருக்கிறது. மனிதரின் உதட்டுக் கொப்புள ஹெர்பெஸ் மார்மொசெட்டைக் கொல்லும். இவற்றை எம்எச்சிப் பன்மை தடுக்கும் என்று எழுதாதீர்கள். தீனியும் முகக்கவசமும்தான் தடுக்கும். அழற்சியையும் குடல் புற்றையும் டிஆர்பியோடு இணைக்க விரும்பினால் பிரேதப் பரிசோதனைத் திசு வங்கிகளில் நோய் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு கூட்டமாக எடுத்துத் தனி ஆய்வாகச் செய்ய வேண்டும். 42 விலங்கில் அது தெரியாது.

---

பதிவேடு

ஒரே ஒரு விலங்கிடம் மிஞ்சிய ஹாப்ளோடைப் என்ற நிலையில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: அது இரட்டைக் கலப்பால் தெரிவது அல்ல என்று முடியில் உறுதியான பிறகு. இரத்தத்தில் மட்டும் தெரியும் ஹாப்ளோடைப் இறந்துபோன இரட்டையினுடையதாக இருக்கலாம். அந்த விலங்கை எத்தனை முறை ஈன வைத்தாலும் அது குட்டிக்குப் போகாது.

---

மரக்கிளை

திட்டத்தை மாற்றிவிட்டேன். காப்பகம்: 42 விலங்கிடமும் முடி, அவற்றில் 10இடம் சாணமும். காடு: மூன்று துண்டுகளில் 15 கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு வளர்ந்தவை. இரத்தத்தை வீசாமல் வைத்திருக்கிறேன். எந்த விலங்கில் எவ்வளவு கலப்பு என்பதை அதிலேயே அளக்கலாம். கடைசியாக ஒன்று: புதிய அல்லீல்களுக்கு எப்படிப் பெயரிடுவது?

---

இழைமுடிச்சு

நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். ஐபிடி-எம்எச்சி தரவுத்தளத்தில் மனிதரல்லாத குரங்கினங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பேரினப் பெயரின் முதல் இரண்டு எழுத்து, சிற்றினப் பெயரின் முதல் இரண்டு எழுத்து சேர்ந்த நான்கெழுத்து முன்னொட்டு, பிறகு மரபணு, பிறகு வழியும் எண்ணும் என்பது அங்குள்ள ஒழுங்கு. முதலில் ஜென்பேங்க் போன்ற மரபணு வரிசை வங்கியில் பதிந்து எண் வாங்கி, அதோடு அங்கே அனுப்புங்கள். ஒரு விலங்கில் மட்டும் வந்த வரிசையாக இருந்தால் தனித்தனி பிசிஆர் இரண்டின் முடிவையும் சேர்த்து வையுங்கள். எக்ஸான் 2 மட்டும் உள்ள துண்டு வரிசைகளை எடுத்துக்கொள்கிறார்களா, எந்த நீளம் வரை என்பதை அனுப்பும் முன்பே கேட்டுக்கொண்டால் ப்ரைமர் இடத்தை அதற்கேற்ப வைக்கலாம்.